மழைப் பட்டியலில் நான் எழுதாத வரி

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே எங்கள் கம்பெனிக்குள் மழை வந்துவிடும், காகிதத்தில். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பெரிய சார்ட் தாள் ஒன்றை மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு ஸ்பேனரை வைத்து, "எவனுக்குடா கையெழுத்து நல்லா இருக்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

கையெழுத்துப் பெருமைக்காக மட்டும் தூக்கவில்லை. டிப்ளமோ முடித்து ஒரகடத்துக்கு டிரெய்னியாக வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப் அது. மெயின்டனன்ஸில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. டிரெய்னிகள் நாங்கள் இரண்டு பேர். மழை சீசன் முடிந்ததும் ஒருவனுக்குத்தான் ஆர்டர், மற்றவனுக்குப் பயிற்சி முடித்த சான்றிதழும் ஒரு கைகுலுக்கலும் என்று சூப்பர்வைசரே எங்கள் இருவர் முகத்துக்கும் நேராகச் சொல்லியிருந்தார்.

ஷெட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். நான் கோவில்பட்டி. இன்னொரு டிரெய்னி வடக்குப்பட்டு. என் ஊருக்கு இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். அவன் ஊர் சைக்கிளில் பத்து நிமிடம்.

அவன் மேல் எனக்கு எப்போது வயிறு எரிய ஆரம்பித்தது என்று யோசித்தால் கேன்டீன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சாம்பார் ஊற்றுகிற அக்கா என் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அவன் தட்டு வந்தால் கரண்டி ஒரு முறை பாத்திரத்தின் அடிவரை போய்விட்டு வரும். "அம்மாக்கு முட்டி வலி எப்டி கீதுபா?" என்று ஒரு விசாரிப்பு வேறு. என் அம்மாவுக்கும் முட்டி வலிதான். கேட்க ஆள் இல்லை. கம்பெனி பஸ் டிரைவர் அவனுக்காக வளைவில் நிறுத்துவார். எனக்கு ஸ்டாப்பிங்கிலேயே நிறுத்தினால் பெரிய விஷயம். அவனைக் கண்டால் அசெம்பிளியில் வேலை பார்க்கும் பெண்கள், "வடக்குப்பட்டு, கிருத்திகைக்கு வல்லக்கோட்டைல கூட்டம் எப்டி, இப்ப போனா பஸ் கெடைக்குமா?" என்று கேட்பார்கள். முருகனைப் பார்ப்பதற்குக்கூட அவனிடம்தான் அனுமதி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். மழையைத் தொட்டதுதான் பொறுக்கவில்லை.

நான் கரிசக்காட்டுப் பையன். எங்கள் பக்கம் மழை என்றால் வராத விருந்தாளி. அதனாலேயே அதன்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கிறுக்கு. பேப்பரில் வரும் வானிலைப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டியிருந்தேன். ரேடியோ செய்தியில் கடைசியில் சொல்லும் வானிலை அறிக்கைக்காகச் செய்தி முழுவதையும் கேட்பேன். காற்றழுத்தத் தாழ்வு நிலைக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஷெட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். டீ நேரத்தில் அறிவிப்பேன்.

"தெற்கு வங்கக் கடல்ல தாழ்வு நிலை உருவாகியிருக்கு. மேற்கு வடமேற்கா நகருது. இன்னும் நாப்பத்தெட்டு மணி நேரத்துல கரைய நெருங்கும்."

டீ கிளாஸோடு நின்ற அத்தனை பேரும் அப்படியே அவன் பக்கம் திரும்புவார்கள்.

"இன்னாபா வடக்குப்பட்டு, மழ வருமா?"

அவன் வாயில் பிஸ்கட்டோடு ஷெட்டுக்கு வெளியே எட்டிப் பார்ப்பான். "வரும். கொடில துணி கீதுனா எடுத்து உள்ள போடு."

வரும். நான் சொன்ன மழையே வரும். ஆனால் அது அவன் சொன்ன மழையாகிவிடும்.

அதனால் சார்ட் என் கைக்கு வந்ததும் உயிரைக் கொடுத்து எழுதினேன். எந்த மோட்டாரை எந்த மரப் பலகை மேல் ஏற்றுவது, எந்தப் பேனல் போர்டுக்குத் தார்ப்பாய், கூரையோர வாய்க்காலில் சருகு அள்ளுவது யார், ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை டிரம், ஸ்டாக்கில் கிடக்கும் பாகங்களுக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசுவது எந்த ஷிப்ட், கேன்டீனில் ரொட்டியும் டீத்தூளும் எவ்வளவு, எந்த ஷட்டருக்கு எத்தனை மணல் மூட்டை. மெஷின் நம்பர் வரிசைப்படி நாற்பத்திரண்டு வரிகள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுத்து, சிவப்பில் கோடு. கடைசிக் கட்டத்தில் பொறுப்பு என்று தலைப்புப் போட்டு அதற்குக் கீழே பெரும்பாலும் என் பெயரையே எழுதிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வடக்குப்பட்டு என்னைக் கூப்பிட்டான். "ஞாயித்துக்கெழம இன்னா பண்ற? எங்க ஊர்ல மோட்டார் தூக்குறாங்க. வந்து பாரேன்."

பாசத்தில் போகவில்லை. இவனுக்கு அப்படி என்னதான் தெரியும் என்று பார்க்கப் போனேன்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் குறித்து, கழனிக் கிணறுகளின் உள்மேடையில் உட்கார்ந்திருக்கும் பம்ப் மோட்டார்களை ஊரே சேர்ந்து மேலே தூக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் கிணறு நிரம்பி மோட்டார் தண்ணீருக்குள் போய்விடும். மூன்று கட்டையை முக்காலிபோல் நட்டு, நடுவில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிணறாக நகர்ந்தார்கள். பெரிய மனிதர் வீட்டுக் கிணறு, பக்கத்துக் கிணறு என்றெல்லாம் வரிசை இல்லை. போன மழையில் எந்தக் கிணறு முதலில் நிரம்பியதோ அதன் மோட்டார்தான் முதலில் மேலே வரும். அதற்கு அடுத்து நிரம்பியது அடுத்து. இதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்டேன். செயினை இழுத்துக்கொண்டிருந்த அவன் சித்தப்பா சிரித்துவிட்டார்.

"எழுதி வெச்சிகினு? நெரம்புனது கண்ணுல நிக்குமே தம்பி."

என் சார்ட் மெஷின் நம்பர் வரிசையில் இருப்பது அப்போது மனதில் லேசாக இடித்தது. இடித்ததை ஒதுக்கிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் அவன் என்னை ஏரிக்கரை மேல் கூட்டிக்கொண்டு போனான். கரை ஓரமாக மண் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். ஏரி முக்கால்வாசி இருந்தது. தூரத்தில் எங்கள் கம்பெனிக் கூரை நீலமாகத் தெரிந்தது.

"தோ, நம்ம ஷெட்டு தெரியுதா? பிரஸ் ஷாப்பு பின்னால செவுரு. அந்த எடம்தான் எங்க கழனி. ஏரி ரொம்பி கோடி போச்சின்னா தண்ணி கால்வா வழியா எங்க கழனிய ஒட்டிப் போயி, அப்பால இருக்குற சித்தேரில உழும்."

"இப்பக் கால்வாய் எங்க?"

"அதும் மேலதான் பிரஸ் ஷாப்பு கட்டிக்கிறாங்களே. கட்டினது தண்ணிக்குத் தெரியுமா இன்னா?"

நிலம் போன வருத்தம் எதுவும் அவன் குரலில் இல்லை. பஸ் ஸ்டாப் இருக்கும் இடத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அப்பா விற்றார், வீடு கட்டினார், அக்காவுக்குக் கல்யாணம் பண்ணினார், முடிந்தது.

"நீ ஒண்ணு பண்ணு," என்றான். "பின்னால தெக்குச் செவுத்துல ஸ்க்ராப் யார்டு ஓரமா தண்ணி போறதுக்கு மடை ஒண்ணு வுட்டிருந்தாங்க. இரும்புத் துண்டுலாம் அது வழியா வெளிய போவுதுன்னு போன கோடைல செக்யூரிட்டி செங்கல் வெச்சி அடைச்சிட்டாரு. அத்த மழைக்கு முன்னாடி தொறந்துடணும். கம்பி வெச்சிக்கட்டும், யார் வேணான்னது? உன் சார்ட்ல எழுது."

"எழுதுதேன்," என்றேன்.

எழுதவில்லை.

அறைக்கு வந்து சார்ட்டை விரித்தேன். நாற்பத்திரண்டாவது வரிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றினேன். மேனேஜர் சார்ட்டைப் படிக்கும் காட்சி கண்முன்னால் வந்தது. நாற்பத்திரண்டு வரியையும் தலையாட்டிக்கொண்டே படித்து வருவார். நாற்பத்து மூன்றில் விரல் நிற்கும். "இது யார் கண்டுபிடிச்சது?" என்பார். சூப்பர்வைசர், "வடக்குப்பட்டு சார், அவன் இந்த எடத்து ஆளு" என்பார். என் நாற்பத்திரண்டு வரியும் அந்த ஒரு வரியில் கரைந்துவிடும். டீ நேரத்தில் நடப்பது மேனேஜர் அறையிலும் நடக்கும்.

பேனாவை மூடினேன். செக்யூரிட்டி எப்படியும் ஒத்துக்கொள்ள மாட்டார், எழுதி என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். அது தோன்றுவதற்கு முன்பே பேனாவை மூடியிருந்தேன் என்பதுதான் அதிலிருந்த ஒரே கோளாறு.

சார்ட் நோட்டீஸ் போர்டில் ஏறியது. மேனேஜர் வந்து பார்த்து என் தோளில் தட்டினார். நான் எதிர்பார்த்ததைவிட லேசாகத் தட்டினார் என்றாலும் தட்டினார். அவர் போனதும் வடக்குப்பட்டு வந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறங்கி, கடைசியில் நின்றான்.

"மடை இல்லியே?"

"செக்யூரிட்டி ஒத்துக்கிட மாட்டாருப்பா. தனியாப் பேசிக்கிடலாம்னு விட்டுட்டேன்."

"பேசினியா?"

"பேசுதேன்."

சார்ட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "சரிபா" என்று போய்விட்டான். இரண்டு நாள் கழித்து அவனே கேட் அறைக்குப் போய்ப் பேசியிருக்கிறான். அன்று இரவல் வாங்கி வந்திருந்த சைக்கிளை எடுக்கப் போன என் காதில் செக்யூரிட்டி ஆபீசரின் குரல் மட்டும் விழுந்தது. அவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஊர்க்காரப் பசங்களுக்கு அந்த ஓட்டை மேல ஏன்டா இவ்ளோ ஆச? போ, போய் வேலையப் பாரு!"

பத்தடி நடந்து, "சார், இது மழைக்கான வேலை" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து, சரியாகவே இருந்த சைக்கிள் செயினைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

பிறகு மழை வந்தது. ஒரு நாள் முழுக்கப் பெய்தது. மறுநாளும் பெய்தது. எங்கள் அறையில் ஸ்டவ்வையும் அரிசி வாளியையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, ஈர யூனிபாரத்தை ஃபேனில் கட்டிச் சுற்றவிட்டோம். என்னோடு அறையில் இருந்த இரண்டு பேரும் தெற்கத்திக்காரர்கள்தான், வேறு வேறு கம்பெனி. சங்கரன்கோவில்காரன் ஒருவன், அருப்புக்கோட்டைக்காரன் ஒருவன். "நம்ம ஊர்ல இதுல பாதி பெஞ்சா ஆயுசுக்கும் போதும்லே," என்று ஜன்னலில் நின்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியத்தை விட ஆசைதான் இருந்தது. என் சார்ட் வேலை செய்யப்போகிற நாள்!

மூன்றாம் நாள் காலை ஷிப்ட். கம்பெனி பஸ் கூட்டு ரோட்டோடு நின்றுவிட, முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். வடக்குப்பட்டு எனக்கு முன்பே வந்து நின்றான். "ஏரி கோடி போவுது," என்றான் சூப்பர்வைசரிடம். ஏரி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம்.

முன்பக்க ஷட்டர்களுக்குப் போனேன். ரோட்டில் தண்ணீர் ஆறாக ஓடியது. என் மணல் மூட்டைகள் அசையவில்லை. இந்தப் பக்கம் தரை காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிற்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்பக்கமிருந்து கத்தல் கேட்டது.

சுவருக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருந்த காலி இடம் முழுக்கத் தண்ணீர். பழைய கால்வாய் எந்தத் திசையில் வந்ததோ அதே திசையில், வடக்குச் சுவரின் அடியைக் கரைத்துக்கொண்டு உள்ளே வந்து, தெற்குச் சுவரில் முட்டி, போக வழியில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பின் ஷட்டருக்கு நான் ஒரே ஒரு வரிசை மூட்டைதான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் ரோடே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது என் கணக்கு. பம்பைப் போட்டோம். பம்ப் தண்ணீரை இறைத்து முன்பக்கச் சாக்கடையில் கொட்டியது. முன்பக்கச் சாக்கடை நிரம்பி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அதே தண்ணீர் மறுபடியும் பின்பக்கம் வந்தது.

பெரிய பிரஸ் மெஷின்களுக்குத் தரைக்குக் கீழே ஆள் இறங்கும் அளவுக்குக் குழி உண்டு. மோட்டாரும் வால்வும் அதற்குள்தான். அதில் தண்ணீர் இறங்கினால் மெஷின் நிற்கும். எங்கள் மெஷின் நின்றால் நாங்கள் பாகம் கொடுக்கிற வண்டிக் கம்பெனியின் லைன் நிற்கும். குழி விளிம்புக்கும், தரையில் பரவி வந்த தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருந்தது.

"கோவில்பட்டி! சார்ட்ல அடுத்தது இன்னாடா?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

பிளாஸ்டிக் உறை போட்ட நகலைப் புரட்டினேன். "இருபத்தி மூணு சார். கம்ப்ரசர் ரூம். தார்ப்பாய் இருக்கான்னு பாக்கணும்."

"தார்ப்பாயா!"

அதற்கு மேல் அவர் சொன்னதை எழுத முடியாது. அதற்குள் வடக்குப்பட்டு டூல் ரூமிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் காகிதத்தோடு பின்னால் ஓடினேன். ஷெட்டுத் தரையைவிடப் பள்ளமான அந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் தெற்குச் சுவரோரமாகப் போய்க் காலால் தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் நின்று, தண்ணீருக்கு அடியில் குத்தினான். ஐந்து குத்து. பிறகு அவன் குத்தவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே மீதிச் செங்கலைப் பெயர்த்துக்கொண்டு போனது. பெரிய பாத்திரத்தில் அடைப்பை எடுத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். சுவரில் இருந்த ஈரக்கோடு என் கண்முன்னால் ஒரு விரல், இரண்டு விரல் என்று மேலே விலகியது. விலகியது கோடு அல்ல, இறங்கியது தண்ணீர்.

குழிகள் தப்பித்துவிட்டன என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. அந்தக் கடப்பாரை ஏன் என் கையில் இல்லை என்றுதான் தோன்றியது.

அந்த இழுப்பில் ஸ்க்ராப் யார்டில் இருந்த தொட்டி ஒன்று சாய்ந்தது. வெட்டி மிஞ்சிய தகட்டுத் துண்டுகள் தண்ணீரோடு சேர்ந்து, திறந்த மடை வழியாக வரிசையாக வெளியே போக ஆரம்பித்தன. செக்யூரிட்டி ஆபீசர் ரெயின்கோட்டில் வந்து சேர்ந்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது அதுதான். உடைந்த சுவர், கடப்பாரையோடு ஊர்க்காரன், வெளியே போகும் இரும்பு.

அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டார். "பட்டப்பகல்ல செவுத்த ஒடைக்கிறியா? அன்னிக்கே தெரியும்டா, நீ வந்து ஓட்டையக் கேட்டப்பவே தெரியும்!"

"சார், கைய எடுங்க. தண்ணி போறதுக்கு ஒடைச்சேன். தோ, கோவில்பட்டி நிக்கிறான், கேளுங்க. அவன்கிட்ட எப்பவோ சொன்னேன் சார். டேய், சொல்லுடா!"

பத்தடி தூரம். மழை கூரைத் தகட்டில் அப்படி அடித்தது. எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவனை இழுத்துக்கொண்டு போனார். நுழைவுப் பாஸைப் பிடுங்கிக்கொண்டு, ஷிப்ட் முடியும் வரை கேட் அறையில் உட்காரவைத்தார்கள். நாங்கள் உள்ளே தரையைத் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், சூப்பர்வைசர், செக்யூரிட்டி ஆபீசர், அவன், நான். மழை விட்டிருந்தது. மேஜை மேல் என் சார்ட். செக்யூரிட்டி ஆபீசர் அட்டென்ஷனில் நின்று சொன்னார். இதே பையன் இதே ஓட்டையை முன்பே வந்து கேட்டிருக்கிறான், ஸ்க்ராப் எடையில் குறைகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இவன் ஊர்.

"எங்க ஊரு அந்தாண்ட இல்ல சார், இந்தாண்ட," என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் சார்ட்டை மேலிருந்து கீழே படித்தார். நான் கற்பனை செய்திருந்த மாதிரியே விரல் வைத்துப் படித்தார். நாற்பத்திரண்டில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார்.

"இது நீ எழுதினது. சுவரைத் திறக்கணும்னு இதுல எங்கயும் இல்ல. உன்கிட்ட முன்னாடியே சொன்னேன்கிறான். சொன்னானா?"

இல்லை சார் என்றால் ஆர்டர் எனக்குத்தான். எனக்கு மட்டுமில்லை, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிக் கெஞ்சலாக ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் இல்லை என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் முகம் ஜன்னலை நோக்கி இருந்தது. கழுத்தில் காலர் அறுத்த இடத்தில் சிவப்பாக ஒரு கீறல் இருந்தது.

"சொன்னான் சார்," என்றேன். "அவங்க ஊர்ல மோட்டார் தூக்குன அன்னைக்கே சொன்னான். சார்ட்ல எழுதச் சொன்னான். நான்தான் எழுதல."

"ஏன்?"

"செக்யூரிட்டி சார் ஒத்துக்கிட மாட்டாருன்னு…"

"நீ என்னைக் கேக்கவே இல்லியேப்பா," என்றார் செக்யூரிட்டி ஆபீசர். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மேனேஜர் சார்ட்டை மடித்து ஓரமாக வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேலே எதுவும் கேட்கவில்லை. "மடைக்குக் கம்பி வலை போட்டுக் கட்டுங்க. இவன் பாஸைக் குடுங்க," என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

வெளியே வந்தோம். அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். கேன்டீன் திருப்பத்தில் நின்றான்.

"தேங்க்ஸ்லாம் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்ப்பா."

"நேத்து நான் கூப்ட்டது கேட்டுச்சா, கேக்கலியா?"

"கேட்டுச்சு."

தலையை ஆட்டினான். அது தனக்குத் தெரிந்ததுதான் என்கிற ஆட்டல். பிறகு டீ குடிக்கப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். சொன்னால் வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் எனக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. உண்மையைச் சொன்னேனே, வேலையையே பணயம் வைத்துச் சொன்னேனே, அதை யாராவது பேசுவார்கள் என்று. ஒரு வாரம் முழுக்க ஷெட்டில் பேசினார்கள். கடப்பாரையைப் பற்றி. இடுப்பளவு தண்ணீரில் காலால் தடவியே மடையைக் கண்டுபிடித்ததைப் பற்றி. அசெம்பிளியில் ஒரு பெண், "எத்தினி குத்துல ஒடைஞ்சுச்சு?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எண்ணிக்கை தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஆர்டர் வந்தது, அவனுக்கு. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொன்னார். நான் கை கொடுத்தேன். அவன் கையை வாங்கிக்கொண்டான். அழுத்தவும் இல்லை, உதறவும் இல்லை. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் ஒரு விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் அறைக்கு வந்தபோது இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். சங்கரன்கோவில்காரன் ஸ்டவ்வில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு எனக்காகக் கொதித்தான்.

"எனக்கு அப்பமே தெரியும்லே. லோக்கல் ஆளுக்குத்தான் குடுப்பானுவ. ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன். நீ ராப்பகலா எழுதுன சார்ட்டு என்னாச்சு?"

"ஆமா, நம்மள மாதிரி வந்தேறிக்கு எவன் இருக்கான்," என்றான் அருப்புக்கோட்டைக்காரன்.

இதமாக இருந்தது. பத்து மாதத்தில் முதல் முறையாக ஒரு கூட்டமே என் பக்கம் நின்று பேசியது. கொதிக்கிற குழம்பு வாசனையோடு அந்த வார்த்தைகளையும் சேர்த்து அப்படியே வாங்கிக்கொண்டு, ஆமா என்று ஒரு தலையாட்டல் ஆட்டினால் போதும். ஊருக்குப் போன் பண்ணும்போதும் அதையே சொல்லலாம். அடுத்த வேலைக்குப் போகிற இடத்திலும் அதையே சொல்லலாம். வயசான பிறகும் சொல்லலாம்.

"அப்படி இல்லலே," என்றேன். "தண்ணி எங்க வரும்னு அவன் முன்னாடியே சொன்னான். என்னை எழுதச் சொன்னான். நான் எழுதல."

"ஏம்லே எழுதல? மறந்துட்டியா?"

"மறக்கல. எழுதுனா அவனுக்குப் பேரு வந்துரும்."

சங்கரன்கோவில்காரன் சட்டியை மறுபடியும் ஸ்டவ்வில் ஏற்றித் திரியை உயர்த்தினான். அருப்புக்கோட்டைக்காரன் கொடியில் கிடந்த என் யூனிபாரத்தைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சு, எடுத்து மடிச்சு வை. திருப்பிக் குடுக்கணும்ல," என்றான்.

சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அவன் இந்நேரம் வீட்டில் ஆர்டரைக் காட்டியிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் வயிறு மறுபடியும் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு யூனிபாரத்தை மடிக்க ஆரம்பித்தேன்.